ஓர் ஒழுங்கைக்கு ஒரே இலக்கம்

அன்று கௌசி ஆறாவது தடவையாக அழைத்தாள்.

பௌர்ணமிப் போயா விடுமுறை. பிற்பகல்தான் என்றாலும் மழை வானத்தை மூடியிருந்ததால் எங்கள் மின்சார முறைப்பாட்டு நிலையத்தில் எல்லா விளக்குகளும் எரிந்தன. பாதிக் கதிரைகளில் ஆளில்லை. யாரோ பிரித்து வைத்திருந்த மாலு பாணின் மீன் மணம் ஏசிக் காற்றோடு சுற்றிக்கொண்டிருந்தது.

“அக்கா, நான் கௌசி. வெள்ளவத்தை. திரும்பவும் நான்தான்.”

“சொல்லும்மா.”

“அப்பாட மெஷின் நிண்டிட்டுது அக்கா. முதல்ல ஃபேன் பேய் பிடிச்ச மாதிரிச் சுத்தினது. பிறகு மெஷினுக்குள்ள இருந்து எரிஞ்ச மணம் வந்தது. இப்ப சின்னச் சிலிண்டரில வைச்சிருக்கிறன். அது கனநேரம் காணாது. ஆள் அனுப்பிட்டீங்களோ?”

அவளுடைய அப்பா தவராசா. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுப்போய், வைத்தியத்துக்காக மகளோடு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒடுக்கமான குறுக்குத் தெருவொன்றில், ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீடொன்றில் வாடகைக்கு இருந்தார். சுவர்ச் செருகியில் மாட்டினால் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று, அவருடைய கட்டிலோரம் இரவு பகலாக ஓடவேண்டும். இதெல்லாம் அவள் முதல் அழைப்பிலேயே சொன்னது.

என் திரையில் அவளுடைய முறைப்பாடு சாம்பல் நிறத்தில் கிடந்தது. சாம்பல் என்றால் யாரும் போகத் தேவையில்லை என்று அர்த்தம். பக்கத்தில் மூன்று சொற்கள்: ஒரு வீடு, உட்பழுது.

நான் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்த வாக்கியத்தை வாசித்தேன். “உங்கள் முறைப்பாடு பதியப்பட்டுள்ளது. எமது ஊழியர்கள் விரைவில் வருவார்கள்.”

ஒருவரும் வரப்போவதில்லை. அது மூன்றாவது அழைப்பிலேயே எனக்குத் தெரியும். ஏன் வரப்போவதில்லை என்பதும் தெரியும். தெரிந்தும் வாசித்தேன். இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை ஊரில் உள்ள எல்லோரையும் திட்டியிருக்கிறேன். இந்த வாரம் என்னையும் சேர்த்துத் திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூசாரியின் படிவம்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் நிலையத்தில் பூசாரி ஒரு கணினிப் படிவம்.

அந்தப் படிவத்தின் முதல் கட்டத்தில் மின்பட்டியலில் இருக்கும் கணக்கு இலக்கத்தை அடிக்கவேண்டும். அடிக்காவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. வீடு தீப்பற்றி எரிகிறது என்று அழைத்தாலும், “இலக்கம் சொல்லுங்கள்” என்றுதான் நாங்கள் தொடங்கவேண்டும். வீடு எரியும்போது பட்டியலைத் தேடுகிற மனிதரை நான் இன்னும் காணவில்லை.

சரி, கோட்டைக்கு அந்தப் பக்கம் எங்கள் கொட்டாஞ்சேனையில் இதைச் சமாளிக்கலாம். பட்டியல் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். வெள்ளவத்தையில் என்ன செய்வது? அந்த ஒழுங்கைகளில் பாதிக்கு மேல் வாடகைக் குடும்பங்கள். வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில் இருப்பார், இலண்டனில் இருப்பார், மெல்பேர்ணில் இருப்பார். பட்டியல் அவர் பெயரில், அவருடைய மின்னஞ்சலுக்குப் போகும். இங்கே குடியிருக்கிறவர் அதைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்.

“இலக்கம் சொல்லுங்க.”

“அது வீட்டுக்காரரிட்ட அக்கா.”

“அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்.”

“அங்க இப்ப விடியப்புறம் ரெண்டு மணி. எழுப்பினா ஏசுவார்.”

இப்படி ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கதைத்திருப்பேன்! இருட்டில் இருப்பவன் பயந்து பயந்து இருக்க, எங்கோ கிடக்கிற ஒருவர் நித்திரை கொள்கிறார். இருட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் வேண்டுமாம். வாடகைக்காரனுக்கு வரும் இருட்டு, இருட்டில் சேர்த்தி இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். இலக்கம் இல்லாதவர் அழைத்தால், “பக்கத்து வீட்டு இலக்கம் யாருடையதாவது இருந்தாச் சொல்லுங்க, அது போதும்” என்பேன். அதை அடிப்பேன். படிவம் திறக்கும். கீழே குறிப்பில் உண்மையான முகவரியை எழுதிவிடுவேன். அந்தக் குறிப்பை வாசிக்கிறவர்கள் அப்போது இருந்தார்கள்.

கௌசி இருந்த ஒழுங்கையில் இலக்கம் கையில் வைத்திருந்தது கௌசி மட்டும்தான். ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய வீட்டுக்காரர் கந்தராசா கொஞ்சம் நல்ல மனிதர். வயோதிபர் வருகிறார் என்று பட்டியலைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கட்டடத்தின் காவலாளி முத்தையா அந்த இலக்கத்தை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி, லிஃப்ட்டுக்குள் ஒட்டினார். அதன் கீழே எங்கள் தொலைபேசி எண். பிறகு அது தையல் கடைக்குப் போயிற்று. லோண்டரிக்குப் போயிற்று. டியூஷன் வீட்டுக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் ஒழுங்கை முழுவதும் அந்த ஒரே இலக்கத்தைச் சொல்லி முறைப்பாடு செய்யப் பழகிவிட்டது.

“தங்கச்சி, நீங்க சொன்ன மாதிரியே எல்லாருக்கும் எழுதிக் குடுத்துட்டேன். இனி யாரும் முழிக்கத் தேவையில்ல” என்று முத்தையா ஒருநாள் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை! அன்று மதியம் சோறுகூடச் சற்று அதிகமாக இறங்கியது.

சிவப்பும் சாம்பலும்

பிறகுதான் புதிய திரை வந்தது. குத்துவிளக்கேற்றி, பாற்சோறு வெட்டி, எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துப் படமெடுத்தார்கள். பெரியவர் ஒருவர் பேசினார். இனிப் பழுது எங்கே என்று ஊழியர்கள் தெருத் தெருவாக அலையத் தேவையில்லை, கணினியே இடத்தைச் சொல்லும், ஊழியர்கள் நேரே அந்தக் கம்பத்துக்குப் போகலாம் என்றார். நானும் கைதட்டினேன்.

பொய்யில்லை, நல்ல யோசனைதான். ஒவ்வொரு கணக்கு இலக்கமும் எந்த மின்மாற்றியோடு, எந்தக் கம்பியோடு சேர்ந்தது என்று கணினிக்குத் தெரியும். ஒரே கம்பியிலுள்ள பல வீடுகளிலிருந்து வெவ்வேறு இலக்கங்கள் வந்தால், பழுது வீட்டுக்குள் இல்லை, கம்பியில்தான் என்று அது கணித்துவிடும். அந்த இடம் திரையில் சிவப்பாகும். அருகில் நிற்கும் வண்டிக்குத் தானாகவே வேலை போகும்.

ஒரே இலக்கத்திலிருந்து எத்தனை தடவை அழைப்பு வந்தாலும்? அது ஒரே வீடு. யாரோ பொறுமையில்லாதவர் திரும்பத் திரும்ப எடுக்கிறார். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சாம்பலாக்கிவிடும். நான் கீழே எழுதிவந்த குறிப்புகளை அது வாசிக்காது. அதற்கு எழுத்து வேண்டாம், இலக்கம் மட்டும் போதும்.

போதாததற்கு, அந்தப் போயாவுக்கு இரண்டு மாதத்துக்கு முன் கௌசியின் வீட்டில் மின்கேத்தல் பழுதாகி, வீட்டுக்குள் இருக்கும் சுவிட்ச் விழுந்திருந்தது. ஆட்கள் போய்ப் பார்த்து, “உட்பழுது, எமது பொறுப்பல்ல” என்று பதிந்துவிட்டு வந்திருந்தார்கள். அந்தப் பழைய முத்திரையைக் கணினி மறக்கவில்லை. போயா நாளில் அதே இலக்கம் வந்ததும் மறுபடி அதையே குத்தியது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். ஒழுங்கை முழுவதும் அழைத்துக்கொண்டிருந்தது. கணினியின் கண்ணுக்கு ஒரேயொரு முன்கோபக்கார வீடு தெரிந்தது.

பெயர் சொல்லாதவர்கள்

ஏன் எனக்கு இலக்கம் என்றாலே ஒவ்வாமை என்று சென்ற மாதம் ஒரு வாசகர் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலம் யுத்த காலம். தமிழ் பேசுகிறவள் என்று என்னைத் தமிழ் அழைப்புகளுக்கு உட்காரவைத்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து அழைப்பு வரும். “கறண்ட் இல்லை” என்பார்கள். “பெயர்?” என்பேன். தொலைபேசி வைக்கப்படும். அடுத்த அழைப்பு. “கறண்ட் இல்லை.” “முகவரி?” டக்.

முதல் வாரம் எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் விளங்கியது. அந்த நாட்களில் ஒரு லொட்ஜில் தங்கியிருக்கும் இளைஞனின் பெயரும் முகவரியும் ஓர் அரசாங்க மேசையில் எழுதப்படுவது சின்ன விஷயமில்லை. பெயர் எழுதிய பட்டியல் எங்கெல்லாம் போகும், பிறகு யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வெளிச்சத்துக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்க அவர்கள் தயாராக இல்லை.

ஆகவே பெயர் கேட்பதை விட்டேன். “நீங்க யாருன்னு வேணாம். நிக்கிற இடத்துல இருந்து என்ன தெரியுதுன்னு சொல்லுங்க” என்பேன். எதிர்ப்பக்கம் எரிகிறதா? மூலைக் கடை எரிகிறதா? ஒழுங்கையின் எந்த வீடு வரைக்கும் வெளிச்சம்? பல்பு முழுதாக எரிகிறதா, மங்கலாகவா? நாலு பேர் நாலு இடத்திலிருந்து சொன்னால், எரிகிற கடைசி வீட்டுக்கும் எரியாத முதல் வீட்டுக்கும் இடையில்தான் பழுது. இதற்கு என்ன பெரிய வித்தை வேண்டும்? காது இருந்தால் போதும். ஆட்கள் நேரே அந்தக் கம்பத்துக்குப் போவார்கள்.

என் பேச்சும் அங்கேதான் மாறியது. வீட்டில் அம்மா அப்பாவோடு மலையகப் பேச்சு, வேலையில் சிங்களம், யாழ்ப்பாணத்தார் அழைத்தால் “ஓம், சொல்லுங்கோ.” ஒருமுறை ஓர் ஐயா, “பிள்ளை, நீர் எந்த ஊர்? கோப்பாயோ?” என்று கேட்டார். கொட்டாஞ்சேனை என்றதும், “அப்ப நல்லாத்தான் கதைக்கிறீர்” என்றார்.

பெயரே கேட்காமல் கண்டுபிடித்த பழுதுகள் அவை. யுத்தத்தில் பெயர் சொன்னால் ஆபத்து என்று மறைத்த அதே மக்களிடம், யுத்தம் முடிந்த பிறகு, உன் பெயரில் இலக்கம் இல்லாவிட்டால் நீ ஆளே இல்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வருமா வராதா?

ஆறாவது அழைப்புக்குப் பிறகு

மறுபடி அந்தப் போயா நாளுக்கு வருகிறேன்.

கௌசியின் அழைப்புக்கு முன்னும் பின்னும் அதே இலக்கத்தைச் சொல்லி மற்றவர்களும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். டியூஷன் வீட்டம்மா அழைத்தார். “மிஸ், எங்கட லைட் மினுக்கு மினுக்கெண்டு செத்துப்போகுது. கீழ் வீட்டில பல்பு சூரியன் மாதிரி எரிஞ்சு வெடிச்சிட்டுதாம்.” முத்தையா அழைத்தார். “தங்கச்சி, லிஃப்ட்டு நின்னுபோச்சு. அஞ்சாம் நம்பர் வீட்டு ஃபிரிட்ஜுல புகை.”

ஒரு வீட்டில் மங்கல், பக்கத்து வீட்டில் கண் கூசும் வெளிச்சம். இதைக் கேட்டதுமே கம்பத்தில் என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. கம்பத்தில் நாலு கம்பி ஓடும். மூன்று மின்சாரத்தைக் கொண்டுவரும். நாலாவது, நியூட்ரல் என்பது, எல்லாவற்றையும் சமமாகப் பிடித்துவைத்திருக்கும். அது அறுந்தால் ஒரு வீட்டுக்கு அரைவாசி போகும், இன்னொரு வீட்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பாயும். அதுதான் தவராசாவின் மெஷினைத் தின்றது. மின்சாரம் இல்லாமல் போவதைவிட இது மோசம்.

நான் மூன்றாவது அழைப்பில் செய்திருக்க வேண்டியதை இப்போது செய்தேன். எழுந்து போய்ப் பொறுப்பாளரின் மேசைக்கு முன்னால் நின்றேன். இளைஞர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். திரையைத் தவிர வேறெதையும் நம்பாதவர். சிங்களத்தில் கதைத்தோம்.

“சேர், வெள்ளவத்தையில் நியூட்ரல் போயிருக்கிறது. வண்டி அனுப்பவேண்டும்.”

அவர் திரையைப் பார்த்தார். “எங்கே? ஒரு வீடுதானே காட்டுகிறது. அதுவும் உட்பழுது.”

“ஒரு வீடு இல்லை சேர். ஒரு ஒழுங்கை.”

“இலக்கம் ஒன்றுதானே?”

“ஆம்பிளை, பொம்பிளை, வயதானவர் என்று இத்தனை குரலும் ஒரே வீட்டிலா சேர் இருக்கும்?”

“அப்படியானால் அதே இலக்கம் எப்படி வந்தது?”

மூன்றாவது அழைப்பிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். பொய்யான தரவு பதிந்தேன் என்றாகிவிடும். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. அந்தப் பயத்தில்தான் ஒவ்வொரு தடவையும் கௌசிக்கு அந்த வாக்கியத்தை வாசித்தேன். அதை நம்பித்தான் அவள் தன் அப்பாவை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகாமல், இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கணினி செய்தது மடத்தனம். நான் செய்தது கோழைத்தனம். இரண்டில் எது பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

“நான்தான் அடித்தேன் சேர். அவர்களிடம் இலக்கம் இல்லை.”

அவர் முகம் சிவந்தது. “தவறான தரவா? இதை நான் மேலே அறிவிக்கவேண்டும்.”

“அறிவியுங்கள். முதலில் வண்டியை அனுப்புங்கள்.”

“வேலை இலக்கம் இல்லாமல் வண்டியை எப்படி அனுப்புவது?”

மறுபடியும் இலக்கம்! அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

மூன்றாவது கம்பம்

மேசையில் சொந்தத் தொலைபேசி வைத்திருக்கக்கூடாது என்பது விதி. பையிலிருந்து எடுத்து எல்லோருக்கும் முன்னால் மேசையில் வைத்தேன். பக்கத்துக் கதிரை நிலூகா கண்ணால் வேண்டாம் என்றாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

முதலில் கௌசி. “கௌசி, மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணும்மா. அப்பாவ இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. கறண்ட் வரும்னு காத்திருக்காத. நான் சொன்னது பொய்.”

“சரி அக்கா” என்றாள். அவ்வளவுதான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முத்தையாவிடம், வீட்டுக்கு வீடு ஓடி மெயினை அணைக்கச் சொல்லுமாறு சொன்னேன். பிறகு, அந்த ஒழுங்கையிலிருந்து முன்பு எப்போதாவது அழைத்திருந்தவர்களைத் திருப்பி எடுத்தேன். காலி வீதி மூலையிலிருந்து தொடங்கினேன். மூலைப் பார்மசியில் எல்லாம் சரி. தையல் கடையில் சரி, மெஷின் ஓடுகிறது. லோண்டரிக்காரர், “இங்க ஒரு பிரச்சினையும் இல்லை, இஸ்திரி சூடாத்தான் இருக்கு” என்றார். அடுத்தது டியூஷன் வீடு. அங்கே மங்கல். அதற்கப்பால் கடல்வரை ஒரே களேபரம்.

லோண்டரிக்கும் டியூஷன் வீட்டுக்கும் இடையில் ஒரே ஒரு கம்பம். மூலையிலிருந்து மூன்றாவது.

சுனிலை எடுத்தேன். கம்பமேறும் ஆள். சிங்களவர், ஆனால் கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவில் வளர்ந்தவர், என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். அவருடைய வண்டி கிருலப்பனையில் வேலை வராமல் சும்மா நின்றது. கூப்பிடு தூரத்தில் வண்டி, கம்பத்தில் பழுது, நடுவில் ஒரு சாம்பல் கோடு. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்செரிகிறது.

“மொகத அக்கே?” என்றார், என்ன விஷயம் என்று.

சொன்னேன். அவர் தயங்கினார். “அக்கா, ஜொப் நம்பர் இல்லாம நான் ஏறினா என்ட வேல போகும்.”

“மல்லி, நீ என் தம்பி மாதிரி, கேட்டா புஷ்பா அக்கா சொன்னான்னு சொல்லு. என் பேர எழுதிக்க. அந்த வீட்டுல மூச்சு விட முடியாத ஆள் ஒருத்தர் இருக்காரு.”

பின்னால் யாரிடமோ சிங்களத்தில் ஏதோ சொன்னார். வண்டி உறுமும் சத்தம் கேட்டது. பாமன்கடைப் பக்கமாக வந்தார்கள். மழையில் ஏணி வழுக்கும் என்று நான் பயந்துகொண்டிருக்கையில் மறுபடி அழைத்தார்.

“அக்கா, மூணாவது போஸ்ட்தான். நியூட்ரல் கம்பியப் புடிக்கிற கிளிப்ப உப்புக் காத்து தின்னுடுச்சு. தொட்டதும் கைல மாவா வந்துச்சு. மேல ஓஃப் பண்ணிட்டுப் புதுசு போடுறோம்.”

கடலோரத்தில் உப்பு இரும்பைத் தின்னும் என்பது அந்த ஒழுங்கையில் ஜன்னல் கம்பி வைத்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆட்களுக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்க்கவேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஏறவில்லை. என் மேசையில் தொலைபேசி வைக்கக்கூடாது என்ற விதியைப் பார்க்க மட்டும் ஆள் இருந்தது.

சுனில் கம்பத்தில் நிற்கையில், முத்தையாவும் இரண்டு வாடகைக்காரரும் தவராசாவைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து மூன்று மாடியும் தூக்கி இறக்கினார்கள். படியில் இருட்டு. ஒருவர் பின்னாலிருந்து தொலைபேசி வெளிச்சம் பிடித்தார். கௌசி சிலிண்டரை இடுப்பில் அணைத்துக்கொண்டு பக்கத்தில் இறங்கினாள். ஓட்டோ பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது சிலிண்டர் தீர்ந்தது. ஆசுபத்திரி வாசல்வரை அவர் வெறும் காற்றில் போராடினார். உதடு நீலமாகியிருந்தது என்று அவள் பிறகு சொன்னாள்.

பிழைத்தார். அதில் எங்களுக்கு ஒரு பங்கும் இல்லை.

பாதிக்கப்பட்டவர் ஒருவர்

விசாரணை நடந்தது. கிளிப் ஏன் உக்கியது என்று இல்லை. பழுதைக் கண்டுபிடிக்க ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்றும் இல்லை. ஒரே கணக்கு இலக்கத்தை நான் ஏன் அத்தனை தடவை பதிந்தேன் என்பதுதான் கேள்வி. தொலைபேசி மேசைக்கு எப்படி வந்தது என்பது இரண்டாவது கேள்வி.

மூன்று பேர் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பால் போடாத பிளேன்ரீ தந்தார்கள். நான் குடிக்கவில்லை.

“இலக்கம் இல்லாதவர் அழைத்தால் நான் என்ன செய்யவேண்டும்?” என்று கேட்டேன்.

“இலக்கத்தோடு மறுபடி அழைக்கச் சொல்லவேண்டும்.”

“அது ரொறன்ரோவில் இருந்தால்?”

“அது எமது பிரச்சினை அல்ல.”

தப்பு செய்தேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். செய்தது தப்புத்தான். ஆனால் அவர்கள் சொன்ன தப்பு வேறு, நான் செய்த தப்பு வேறு. என்னை முறைப்பாட்டு மேசையிலிருந்து எடுத்துப் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்துதான் ஓய்வுபெற்றேன். சுனிலுக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். அதைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, “பரவாயில்ல அக்கா, வீட்டுல பெஞ்சுக்குக் கால் ஆடுது, முட்டுக் குடுக்கலாம்” என்றார்.

அறிக்கையின் பிரதி ஒன்று கோப்பு அறையில் என் கைக்கே அடுக்க வந்தது. எடுத்து வாசித்தேன். சம்பவம், திகதி, இடம். பாதிக்கப்பட்ட பாவனையாளர்: ஒருவர்.

ஒருவர்! வெடித்த பல்புகள், புகைந்த ஃபிரிட்ஜ், இருட்டுப் படியில் கதிரை தூக்கிய மூன்று பேர், உதடு நீலமான மனிதர், எல்லோரும் சேர்ந்து ஒருவர். அந்த ஒருவரும் யார்? இலக்கம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்.

தவராசா வீடு திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். லிஃப்ட்டுக்குள் அந்த அட்டை இன்னும் ஒட்டியிருந்தது. கிழித்துப் பைக்குள் போட்டேன். மூன்றாம் மாடியில் கதவு திறந்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல், “நான்தான் அந்தப் புஷ்பா. என்னால்தான்” என்று தொடங்கினேன். கௌசி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“அக்கா, முதல்ல இதைப் பாருங்கோ.”

தொலைபேசியைக் காட்டினாள். எங்கள் நிலையத்திலிருந்து கணினி தானாக அனுப்பிய மின்னஞ்சல். உங்களுக்கு ஏற்பட்ட மின்தடைக்கு மனம் வருந்துகிறோம், மின்சாரம் மீள வழங்கப்பட்டுவிட்டது, உங்கள் பொறுமைக்கு நன்றி. அந்த ஒழுங்கையில் ஒருவருக்கும் வராத மன்னிப்பு, ரொறன்ரோவில் இருக்கும் கந்தராசாவுக்குப் போயிருந்தது. அவர் அதை அப்படியே கௌசிக்கு அனுப்பி, கீழே ஒரு வரி கேட்டிருந்தார்: ‘தங்கச்சி, என்ன இது? எனக்கு விளங்கேல்லை.’

“இன்னும் பதில் போடேல்லை. என்ன எண்டு போடுறது?” என்றாள் கௌசி.

கட்டிலில் சாய்ந்திருந்த தவராசா கையை உயர்த்தினார். இரவல் வாங்கிய மெஷினின் குழாய் மூக்கில் இருந்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுத்துக் கதைத்தார்.

“அவரிட்டக் கேள் பிள்ளை... அங்க இப்ப... கறண்ட் வந்திட்டுதோ... எண்டு.”

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் நிற்கவில்லை. அவருடைய சிரிப்பு இருமலாக மாற, கௌசி எழுந்து போய் அவரைத் தூக்கி உட்காரவைத்து, மெஷினில் ஒட்சிசன் அளவைக் கொஞ்சம் கூட்டிவைத்தாள்.